வாடைக்காற்றும் வன்னிச் சிறாரும்

ஐப்பசி கழிந்து வாடைக்காற்று எழுந்த சில நாட்களுக்குள் எமது கல்லூரியின் ஆரம்பப் பிரிவு வரவுப் பதிவேட்டிலே இடைவெளிகள் பெருகத் தொடங்குகின்றன. மாணவர் திரும்பி வரும்போது பெற்றோரிடமிருந்து கொண்டுவருங் கடிதங்களைத் தமிழாசிரியர் என்ற முறையில் யாம் சற்றுக் கூர்ந்து வாசிப்பதுண்டு. ‘வாடை பட்டதனாற் பிள்ளைக்குத் தடிமன்’ என்று ஒரு கடிதம் கூறும். ‘தம்பிக்கு வாடை பிடித்து முட்டு வந்துவிட்டது, பார்த்துக்கொள்ள ஆளில்லாமையால் அக்காவை மறித்துவிட்டோம்’ என்று மற்றொன்று கூறும். எழுத்துப்பிழைகள் வீட்டுக்கு வீடு வேறுபடுகின்றன. எழுவாய் மட்டும் வேறுபடுவதேயில்லை.

அவ்வெழுவாயைப் பற்றியே ஈண்டுச் சில கூறக் கருதினோம். வைத்தியம் எமது தொழிலன்று. ஆயினும், வைத்தியர் எழுதியவற்றை வாசித்தறியும் வாய்ப்பும், ஆண்டுதோறும் இவ்வெற்றிருக்கைகளைக் கண்டு வரும் உரிமையும் எமக்குண்டு. காற்றின்மேற் பழியைச் சுமத்திவிட்டு அமைவதனால், கைக்கெட்டுந் தூரத்திலுள்ள காரணங்களை நாம் காணாது விடுகின்றோம் என்பதே எமது கருத்து. இதனால் முதலிலே துன்புறுவோர் பள்ளிப் பருவத்தை எட்டாத, வாய்விட்டுச் சொல்லவும் அறியாத சிறாராவர். உலக சுகாதார தாபனத்தின் கணக்கின்படி 2019 ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட 740,180 சிறார் நியூமோனியாவினால் உலகெங்கும் மாண்டனர். அவ்வயதில் நேர்ந்த மரணங்களில் இது நூற்றுக்கு 14 ஆகும். இலவச வைத்தியமும் தாய்சேய் நலப் பணியும் வேரூன்றிய எமது நாட்டின் நிலை எவ்வளவோ மேலானது. எனினும் மழைக்காலத்தில் எமது மாவட்ட வைத்தியசாலைகளின் சிறுவர் விடுதிகளை ஒருமுறை எட்டிப் பார்த்தவர் இதனை அயல்நாட்டாரின் துன்பமென்று ஒதுக்கமாட்டார்.

வாடைக்குக் குற்றமே இல்லையென்று வாதிட யாம் முன்வரவில்லை. வடகீழ்ப் பருவக்காற்று வங்காள விரிகுடாவின் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து, ஐப்பசி முதல் மார்கழி வரை எமக்கு மழையைப் பொழிகின்றது. இரணைமடுவும் முத்தையன்கட்டும் வவுனிக்குளமும் நிரம்புவதும், காலபோகம் விளைவதும் இக்காற்றின் கொடையே. தை பிறந்தபின் மழை ஓய, தெளிந்த வானமும் குளிர்ந்த இரவுமாக அதன் இயல்பு மாறுகின்றது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று எம் மூத்தோர் கூறுவது இப்பருவத்தையே. கடலின் அணைப்பில்லாத வவுனியா போன்ற உள்நிலத்தில் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு மிகுதி. தை மாதத்து விடியலிற் பாகைமானி 20 பாகை செல்சியசு அளவுக்கு இறங்கும், சில நாட்களில் அதற்குங் கீழும் போகும்.

2022 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தை எவரும் மறந்திரார். மாண்டஸ் புயல் வங்கக் கடலிலே நின்றபோது, வடக்கிலிருந்து வீசிய காற்று இந்தியப் பெருநிலத்தின் மாசினை அள்ளிவந்து இந்நாடு முழுவதையும் மங்கலாக்கிற்று. வானம் சாம்பல் நிறமாயிற்று. டிசெம்பர் 9 ஆந் திகதி நாடெங்கும் அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. அதே நாட்களிற் குளிரும் மழையுந் தாங்காது வடக்குக் கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் இறந்தன. வன்னியின் மேய்ச்சல் தரைகளிலே பட்டி பட்டியாக மாடுகள் வீழ்ந்து கிடந்த காட்சி, பால் விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்குங் குடும்பங்களுக்குப் பேரிடியாயிற்று. பத்துப்பாட்டைப் பயின்ற பழைய மாணவர் சிலருக்கு அப்பொழுது நக்கீரரின் நெடுநல்வாடை நினைவுக்கு வந்திருத்தல் கூடும். மாக்கள் மேய்ச்சலை மறந்தமையும், கறவைகள் கன்றை உதைத்தமையும் அங்கே கூறப்படுகின்றன.

நெடுநல்வாடையில் இன்னுமொன்று உண்டு. வகுப்பறையில் அதனை விரைந்து கடந்துவிடுகின்றோம். வாடை வீசும் அந்நகரத்து மாளிகையிற் சாளரக் கதவுகள் தாழிடப்படுகின்றன. அகன்ற வாயையுடைய தடவில் நெருப்பிட்டு இளையரும் முதியரும் குளிர்காய்கின்றனர். அகில் முதலியன புகைக்கப்படுகின்றன. குளிர் வந்தால் மனிதர் என் செய்வர் என்பதை அப்புலவர் உள்ளபடியே கண்டிருக்கின்றார்: கதவை அடைப்பர், உள்ளே நெருப்பை மூட்டுவர், நெருங்கி அமர்வர். நோய்க்கு வழி திறப்பவை இம்மூன்றுமே என்பது இன்றைய அறிவு.

குளிர் தானாக ஒரு கிருமியை உண்டாக்குவதில்லை. எமக்கு உடல் நடுக்கந் தரும் 20 பாகையை இலண்டன் நகரத்தார் இளவேனிலென்று கொண்டாடுவர். அவர்தம் பிள்ளைகளுக்கும் தடிமன் வருவது அவர்கள் கதவடைத்திருக்கும் மாரிக்காலத்திலேதான். குளிர்காற்று மூக்கின் உட்படலத்தின் எதிர்ப்பாற்றலைச் சற்றுத் தளர்த்தும் என்பதும், தொய்வுள்ள பிள்ளையின் சுவாசக்குழாயைச் சுருங்கச் செய்யும் என்பதும் உண்மையே. ஆயினும் நோயைத் தருவன வைரசுகளும் பற்றீரியாக்களுமாகும். அவை ஒருவர் மூச்சிலிருந்து மற்றொருவர் மூச்சுக்குச் செல்வன. 1956 இற் சிம்பன்சிக் குரங்குகளிடையே முதன்முதற் கண்டறியப்பட்ட ஆர்.எஸ்.வி. என்னும் வைரசு, குழந்தைகளின் நுண்சுவாசக் குழாய்களைத் தாக்குவதில் முதன்மையானது. வெப்பநாடுகள் பலவற்றில் அது மழைக்காலத்தை ஒட்டியே பரவுகின்றது. இன்புளுவென்சாவோ எம் நாட்டில் ஆண்டின் நடுப்பகுதியிலும் ஆண்டிறுதியிலுமாக இருமுறை எழுகின்றது. ஆண்டின் நடுப்பகுதியில் ஏது வாடை?

நெருக்கத்தின் கொடுமையை வன்னி மக்களுக்குப் புத்தகங் காட்டி விளக்க வேண்டியதில்லை. 2009 ஆம் ஆண்டிற் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தபோது, சோளகம் வீசும் வெப்பகாலத்திலேயே இருமலுஞ் சளியுங் கூடாரத்துக்குக் கூடாரம் தாவின. அன்று அங்கே கைக்குழந்தைகளாக இருந்தோர் சிலர் இன்று எமது உயர்வகுப்புக்களைக் கடந்து செல்கின்றனர். 2018 டிசெம்பர் வெள்ளத்திற் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பாடசாலைகள் பல இடம்பெயர்ந்தோருக்குப் புகலிடமாயின. ஒரு வகுப்பறையிற் பல குடும்பங்கள், மழைச் சாரலுக்கு அஞ்சிச் சாத்திய யன்னல்கள், மூலையில் இருமும் ஒரு குழந்தை. வாடைக்கு அங்கே பெரிய வேலை எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

குழந்தைகள் பெரியோரினும் எளிதில் வீழ்வதேன் என்பதற்குக் கணித ஆசிரியர் துணை சற்று வேண்டும். குழந்தையின் மூச்சுக்குழாய் 4 மில்லிமீற்றர் விட்டமுடையதெனக் கொள்வோம். சளியினால் அதன் உட்சுவர் சுற்றிலும் ஒரு மில்லிமீற்றர் வீங்கினால் விட்டம் 2 மில்லிமீற்றராகும். காற்றுச் செல்லும் வழியின் பரப்பு நாலில் ஒன்றாகும். காற்றுக்கு நேருந் தடையோ பதினாறு மடங்காகும். அதேயளவு வீக்கம் 8 மில்லிமீற்றர்க் குழாயில் ஏற்படின் தடை மூன்று மடங்களவே ஆகும். தந்தைக்குத் தொண்டைக் கரகரப்பாக முடியும் நோய், மகனுக்கு மூச்சுத் திணறலாவது இதனாலேயே. அன்றியுங் குழந்தை எம்மினும் விரைந்து மூச்செடுப்பது. அதன் எடைக்கு ஒப்பிட்டால் எம்மிலும் மிகுதியான காற்றை உட்கொள்வது. காற்றில் எது கலந்திருப்பினும் அதன் பங்கு குழந்தைக்கே அதிகம்.

காற்றிற் கலப்பது யாது என்பதற்கு வருவோம். வன்னியிற் பெரும்பாலான அடுப்புக்களில் இன்றும் எரிவது விறகே. 2022 இல் எரிவாயு கிடையாமலும் விலையேறியும் மக்கள் வாடியபோது, எரிவாயு அடுப்பு வைத்திருந்தோர் பலரும் விறகுக்கே மீண்டனர். கோடையில் விறகு காய்ந்திருக்கும். பத்தியிலோ முற்றத்திலோ சமைப்பர். புகை காற்றோடு போய்விடும். மாரி தொடங்கியதும் யாவும் மாறுகின்றன. வெளியடுப்பு நனைந்துவிட, அடுப்பு வீட்டுக்குட் புகுகின்றது. விறகோ ஈரம். பாலையும் வீரையும் முதிரையும் காய்ந்தாற் கனலாக நிற்கும். நனைந்தாற் கண்ணைக் கரிக்கும். சாரலுக்கு அஞ்சி யன்னலுஞ் சாத்தப்பட்டிருக்கும். அடுப்பின் அருகே வெதுவெதுப்பாக இருக்குமென்று குழந்தையையும் அங்கேயே தூக்கி வைத்துக்கொள்வர். அன்பினாற் செய்வதுதான்.

முன்னாளில் மண்சுவரும் கிடுகு வேய்ந்த கூரையுமாக இருந்த வீட்டிற் கூரையின் இடுக்குக்களூடே புகை கசிந்து போயிற்று. போருக்குப் பின் எழுந்த கல்வீடுகள் மழைக்கும் பாம்புக்கும் நல்ல காப்பு என்பதில் ஐயமில்லை. ஆயின் இறுக்கமான கூரைத் தகட்டின் கீழ்ப் புகைபோக்கியில்லாக் குசினியொன்றை அமைத்தால், அதுவே புகையைச் சேமிக்கும் பெட்டியாகிவிடும். தை மாதத்து விடியற்காலையில் வயல்வெளிக்குச் சென்று பார்ப்போர், ஊரின்மேற் புகை ஒரு வெண்போர்வைபோலத் தாழ்ந்து கிடப்பதைக் காணலாம். குளிர்ந்து கனத்த காற்று நிலத்தோடு ஒட்டிக் கிடக்க, மேலேயுள்ள வெப்பமான காற்று மூடிபோல் அமைந்துவிடுவதனால் இது நிகழ்கின்றது. அதனைப் பனியென்று எண்ணிக் குழந்தையை உள்ளே கொண்டுபோய் அடுப்பருகே கிடத்துவோர் பலர்.

புகையிலுள்ள மிக நுண்ணிய துகள்களே பெருங்கேடு செய்வன. 2.5 மைக்குரோனும் அதனிற் சிறியனவுமான இவை மயிரிழையின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கினவாதலின் சுவாசப்பையின் அடிவரை செல்கின்றன. ஒரு கன மீற்றர்க் காற்றில் இவை நாளொன்றுக்குச் சராசரி 15 மைக்குரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார தாபனம் 2021 இல் விதித்த வரம்பு. ஈரவிறகு எரியும் அடைத்த அடுக்களையில் இது பன்மடங்கு மிஞ்சும். 2022 இல் வானம் ஒருநாள் மங்கியமைக்குப் பாடசாலைகளை மூடினோம். மார்கழி முழுவதும் அதனினுங் கொடிய புகை நிறைந்த அடுக்களைகளைப் பற்றி எவரும் ஒரு சுற்றறிக்கையும் விடுத்திலர். இவற்றோடு நுளம்புத்திரியையுஞ் சேர்த்துக்கொள்க. ஒரு திரி எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்களின் அளவுக்கு ஒப்பாகுமென்று 2003 இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. சுருட்டுப் பிடிக்கும் பாட்டனாரை முற்றத்துக்கு அனுப்பிவிட்டு, குழந்தையின் தலைமாட்டில் நுளம்புத்திரியைக் கொளுத்தி வைப்பவர்களை என்னென்பது! குளிப்பாட்டியபின் குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தைப் பற்றிக் கூறினால் பாட்டிமார் எம்மீது சினங்கொள்வர். சினந்தாலுங் கூறத்தான் வேண்டும். தலை ஈரத்தைத் துணியாலும் துவட்டலாம்.

காற்றின்மேற் பழி சுமத்தும் வழக்கம் வன்னிக்குப் புதிதன்று. மலேரியா என்னுஞ் சொல்லுக்கு இத்தாலிய மொழியிற் கெட்ட காற்று என்பதே பொருள். வன்னிக்கு மாற்றலாகி வந்த உத்தியோகத்தர் அக்காலத்தில் இவ்வூர்த் தண்ணீரையுங் காற்றையும் நொந்துகொண்டே காய்ச்சலிற் கிடந்தனர். 1897 இற் செக்கந்தராபாத்தில் ரொனால்ட் றொஸ் நுளம்பின் வயிற்றில் அந்நோய்க் கிருமியைக் கண்டபின்னரே மனிதர் செய்யக்கூடிய காரியம் ஒன்று புலப்பட்டது. நுளம்புவலையுஞ் சுவருக்கு மருந்தடித்தலும், காய்ச்சல் கண்டவுடன் இரத்தப் பரிசோதனையுமாகப் பல்லாண்டு உழைத்ததன் பயனாக, 2016 ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. வன்னியின் காற்று அதுவேதான்; மாறவில்லை.

அடுப்பைத் திருத்தினாற் சளியே வராதென்று யாம் கூறின் அது மிகையாகும். மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டு மலைக்கிராமங்களில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளை எடுத்து, ஒரு பாதிக்குப் புகைபோக்கியுள்ள அடுப்பு அமைத்துக் கொடுத்துச் செய்த ஆய்வொன்று 2011 இல் வெளியாயிற்று. குழந்தைகளுக்குச் செல்லும் புகை பாதியளவு குறைந்தது. அதற்கேற்ப எல்லா நியூமோனியாவும் ஐயமறக் குறைந்ததென்று கூற முடியவில்லை. கடுமையான நியூமோனியா மட்டும் மூன்றில் ஒரு பங்களவு குறைந்தது. பாதிப் புகை போதாது, மீதியும் போகவேண்டுமென்றே அவ்வாய்வாளர் கருதினர். எமக்கு அந்த மூன்றில் ஒரு பங்கே பெரிதாகத் தோன்றுகின்றது. ஏனெனிற் பிள்ளையை இழப்பது கடுமையான நோயினாலே.

சோளகத்தைப் பற்றியுஞ் சில சொல்ல வேண்டும். வைகாசி முதல் ஆவணி வரை தெற்கிலிருந்து வீசும் அக்காற்று கிரவற் தெருக்களின் செம்புழுதியை வீட்டுக்குட் கொட்டுவது. அறுவடைக் காலங்களிற் களத்தில் எழும் பதருஞ் சுணையும், வைக்கோலை எரிக்கும் புகையும் தொய்வுள்ள பிள்ளைகளை வருத்துவன. வைக்கோலை எரிக்காது மாட்டுக்கோ வயலுக்கோ இடுவது நன்று என்பதை விவசாயப் போதனாசிரியர்கள் எம்மினும் நன்கு கூறுவர்.

வானிலை மெய்யாகவே குற்றவாளியாகும் இடமொன்று உண்டு, அது தெரு. துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்து உட்கிராமங்களில் மழை பெருகினால் ஆறுகள் பாலத்தின்மேற் பாயும், பேருந்து நின்றுவிடும். பகலிற் சற்றே இருமிய குழந்தை நடுநிசியில் மூச்சுத் திணறினால் எங்கே கொண்டு செல்வது? ஆதலின் வைத்தியசாலைக்கு எப்பொழுது போகவேண்டுமென்பதைத் தாயார் முன்கூட்டியே அறிந்திருத்தல் உயிர் காப்பதாகும். பப்புவா நியூகினித் தீவில் 1980 களிற் பிராங்க் சான் முதலிய வைத்தியர் ஆராய்ந்து கண்ட எளிய முறையொன்றை இன்று உலகமெங்குங் கையாள்கின்றனர். அதற்குக் கருவி வேண்டியதில்லை, மணிக்கூடு போதும். குழந்தை அழாது அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, ஒரு முழு நிமிடத்துக்கு மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தையாயின் 60 உம், அதற்கு மேல் ஒரு வயது வரை 50 உம், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 உம், அல்லது அவற்றுக்கு மேலும் வருமாயின் அதனை வெறுஞ்சளி என்று இருந்துவிடலாகாது. மூச்செடுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளிழுத்தாலும், பால் குடிக்க மாட்டாது சோர்ந்தாலும் எண்ணிக்கொண்டிருக்கவும் நேரமில்லை. கற்பூரவள்ளிச் சாற்றிலும் ஆடாதோடைக் கசாயத்திலும் எமக்குப் பகையில்லை. அவற்றைக் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருத்தலிலேயே பகை. சிறுகுழந்தைக்கு வேது பிடிப்பதோ வெந்நீர் கொட்டிப் பொக்குளிப்பதில் முடியலாம். இனி, 2008 இல் இலங்கையில் அறிமுகமான ஐந்நோய்த் தடுப்பூசி கக்குவானையும், நியூமோனியாவை உண்டாக்கும் பற்றீரியா ஒன்றையுந் தடுப்பது. இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் அது ஏற்றப்படும். மழையென்று அந்நாளைத் தவறவிட்டவர் அடுத்த கிழமையே குடும்பநல உத்தியோகத்தரைத் தேடிச் செல்லல் வேண்டும்.

இந்துக் கல்லூரியின் மலரில் எழுதுவதால் ஒன்று கேட்கப்படலாம்: திருவெம்பாவைக்கு விடியலிற் குழந்தைகளை அழைத்துச் செல்வது தகுமா? காய்ச்சலோ முட்டோ இல்லாத பிள்ளைக்கு, உடல் போர்த்துக்கொண்டு திறந்த வீதியில் நடப்பதனால் வருங் கேடு, அடைத்த அறையிற் புகைக்குள் உறங்குவதனால் வருங் கேட்டினுங் குறைவென்றே எண்ணுகின்றோம். பொங்கல் அடுப்பை முற்றத்தில் வைத்த எம் முன்னோர் புகைக்கு வானத்தையே கூரையாக்கினர். தைமாதம் முதல் நாளில் மட்டும் அதனைச் செய்து மறுநாளே உள்ளே புகுந்துகொள்வது நாமே கண்டுபிடித்த வழக்கம்.

பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். விழாவின் நினைவாக வளைவு எழுப்பலாமென்றும், மணிக்கூட்டுக் கோபுரம் அமைக்கலாமென்றும் பேச்சுக்கள் எழுகின்றன. யாம் அழகை வெறுப்போரல்லேம். எனினும் எமது ஆரம்பப் பிரிவு மாணவருள் ஐந்து வயதுக்குட்பட்ட தம்பி தங்கையருள்ள வீடுகளுக்குப் புகைபோக்கி வைத்த அடுப்புக்கள் அமைத்துக் கொடுப்போமாயின், வளைவின் செலவில் ஒரு பகுதியே பல வீடுகளுக்குப் போதுமென்று கட்டடத் தொழிலறிந்த எம் நண்பர் கூறுகின்றனர். பழைய மாணவருள் மேசன்மாரும் பொறியியலாளரும் வைத்தியருமுளர். கடல்கடந்து வாழ்வோர் பொருளுதவக் காத்திருக்கின்றனர். ‘வீட்டு அடுக்களை கல்லூரியின் எல்லைக்குள் அடங்குமா?’ என்று ஓர் அன்பர் வினவினார். பதிவேட்டில் வெற்றிடம் விழுவது கல்லூரியின் எல்லைக்குட்தானே? தம்பியின் முட்டுக்காகப் பாடத்தை இழக்கும் அக்கா எமது மாணவி.

வேலையை ஆவணியிலேயே தொடங்கினாற்றான் மழைக்கு முன் முடியும். விறகை அப்பொழுதே வெட்டி அடுக்கி மூடிவைக்க ஒரு சிறு கொட்டிலும் உடன் வேண்டும்; நனைந்த விறகுக்கு எந்த அடுப்பும் ஈடு கொடாது. 1980 களில் இந்நாட்டிலேயே உருவான அனகி என்னுங் களிமண் அடுப்பு விறகை மிச்சப்படுத்துவது, விலை குறைந்தது. ஆனாற் புகைபோக்கி அதற்கில்லை, நாமே கூட்டிக்கொள்ள வேண்டும். கிடுகுக் கூரையாயிற் குழாயைக் கூரையூடாகச் செலுத்தினாற் தீப்பற்றும். சுவரூடாக வெளியே எடுத்து, கூரையை விட்டு விலக்கி நிறுத்துதல் வேண்டும். எவ்வகை வீடாயினும் குழாயின் வாய் கூரை முகட்டுக்கு மேலே நிற்றல் அவசியம். தாழ்வாக விட்டால் வாடை புகையைத் திருப்பி உள்ளேயே தள்ளிவிடும்.